அவளைப் பெத்தவ பேரு

நான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மாவப் பெத்தவ பேரு என்ன?" என்பதுதான். படிப்பைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. பாட்டி பெயரைச் சொன்னேன். "அவளைப் பெத்தவ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த, அளவு பார்க்கிற கேஜை மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணாவது படியிலயே பிள்ளைக்கு மூச்சு வாங்குது" என்று பக்கத்து மேசையில் இருந்தவளிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா வழியில் ஐந்து தலைமுறைப் பெயர் மனப்பாடமாகத் தெரியும், சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அது ஊருக்கே தெரியும். அதுக்கு நீ எதுக்கு?" என்றார்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எம் பேர எழுதுனியே, எங்கம்மா பேர எழுதுனியா?" என்று கேட்பார். அதனால் அவருடைய அம்மா பெயரை மட்டும், வர வேண்டிய இடத்தில் எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வண்டி இன்ஜினுக்கு உதிரி பாகம் கடைகிற கம்பெனி அது. கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மேசை அக்காவுடையது. அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பெட்டியில் அடுக்குவார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரிலிருந்து இளம்பெண்ணாக வந்து ஹாஸ்டலில் தங்கி வேலைக்குச் சேர்ந்தவர். பாதி ஆயுளுக்கு மேல் ஓசூரில் கழித்தும் அவருடைய பேச்சில் ஓசூர் ஒட்டவே இல்லை. கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் சமாளிப்பார். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் அந்த ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடும். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் கேட்பார். மெஷின் ரிப்பேருக்குப் பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியரிடம் கேட்பார். அந்த மனிதர் ஆணி வாங்க வந்தவரிடம் யானை விலை சொன்ன மாதிரி முழித்தார். ஒருவரும் மூன்றாவது பெயரைத் தாண்டியதில்லை.

வந்த பதிலை எல்லாம் வீணாய்ப்போன இன்ஸ்பெக்‌ஷன் தாள்களின் பின்பக்கம் எழுதி வைப்பார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வட்டம், அதற்கு மேல் அவளைப் பெற்றவளுக்கு ஒரு வட்டம். ஆண்களும் உண்டு, வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'அவ வீட்டுக்காரர்' என்று இருப்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஒருநாள் தன் தாத்தாவை அந்தப் பொடி எழுத்தில் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா ஊர்க்கவுண்டருங்க!" என்று சண்டைக்கு வந்தார். "இருக்கட்டும், இவ இல்லன்னாலும் அவரு கவுண்டருதான், ஆனா நீரு இல்லல்லா" என்றார் அக்கா.

எதற்காக இதைச் செய்கிறார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். மேனேஜர் கேட்டபோது, "சுகர் எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சுக்கலாம்லா சார்" என்றார். மேனேஜருக்குச் சுகர் இருந்தது. அவர் அன்று மாலையே தன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பாட்டி பெயரை வாங்கிக் கொடுத்தார். சர்ச்சில் பாதர் கேட்டபோது, வேதத்திலேயே பக்கம் பக்கமாகப் பெயர்தானே இருக்கிறது என்றாராம். நான் கேட்டபோதெல்லாம், "சும்மாதான் பிள்ள" என்று முடித்துவிடுவார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருடைய வியாதி எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

கேட் செக்யூரிட்டி அண்ணன் விஷயத்தில்தான் இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குப் பட்டது. மதுரைப் பக்கத்து ஆள். வீட்டில் தொட்டதெல்லாம் தடங்கல். குலதெய்வத்தைக் கும்பிடாமல் விட்டதுதான் காரணம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆனால் எது குலதெய்வம் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லோரிடமும் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறார். அக்கா சொன்னார்: "ஆம்பளையக் கேட்டா என்ன தெரியும்? தலைப்பிள்ளைக்கு மொட்டை எங்க அடிச்சான்னு பெத்தவளக் கேளும்." செக்யூரிட்டி அண்ணனின் அப்பாவைப் பெற்ற அப்பாயி இறந்துவிட்டார். அந்த அப்பாயியின் தங்கை ஒருத்தி மேலூர்ப் பக்கம் இருந்தது அக்கா போட்ட வட்டத்தில்தான் தெரிந்தது. அந்தக் கிழவி கேட்ட உடனே, அக்காள் மகனுக்கு மொட்டை போட்ட இடம், கண்மாய்க்கரை, இரண்டு பனை என்று அடையாளம் சொல்லிவிட்டாள். பொங்கல் வைத்துவிட்டு வந்த அண்ணன், அதற்குப் பிறகு அக்கா கேட்டுக்குள் நுழையும்போது பையைச் சோதிப்பதையே விட்டுவிட்டார்.

வேலையிலும் இதே குணம்தான். எங்களுக்கு வருகிற ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு நம்பர் பொறித்திருக்கும். எந்த நாள், எந்த உலையில் உருக்கிய இரும்பு என்று அந்த நம்பரைப் பிடித்துப் பின்னாலேயே போய்க் கண்டுபிடித்துவிடலாம். ஒருமுறை லாரி வாசலில் நிற்கிறது, ஒரு பெட்டி முழுக்க நம்பர் இல்லாமல் வந்திருந்தது. நேற்று வந்ததுதான், நேற்றைய நம்பரையே குத்தி விடுங்கள் என்று புரொடக்‌ஷன் ஆள் கெஞ்சினார். அக்கா எல்லாவற்றையும், கழித்ததைப் போடுகிற சிவப்புத் தொட்டியில் போட்டார். "தெரியலன்னா தெரியலன்னு எழுதும். இல்லாத பேர எழுதாதேயும். தெரிஞ்சத மறைக்காதேயும். வேற என்ன இன்ஸ்பெக்‌ஷன்?" என்றார். லாரி அன்று போகவில்லை.

அவர் தன் காரணத்தை என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை. மழையில் கம்பெனி பஸ் பாகலூர் ரோட்டில் நின்றுபோன மாலை. நான் வழக்கம்போல், "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கம்மா என்னியப் பெத்த மூணாம் நாள் போயிட்டா. அப்பா மறுகல்யாணம் பண்ணுனாரு. வந்தவ நல்லவ, குறை சொல்லப்படாது. அவளத்தான் அம்மான்னேன். ஆனா அந்த வீட்டுல எங்கம்மா பேர ஒருத்தரும் வாயத் திறந்து சொன்னதில்ல. வந்தவ மனசு நோவுமாம். வேலைக்கு வரதுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கக் கோயிலுக்குப் போனேன் பாரு, அங்க உபதேசியார் பெரிய நோட்டப் பாத்து வாசிக்காரு, தாய் சூசையம்மாள்னு. எனக்குப் பதினெட்டு வயசு. அன்னைக்குத்தான் கேக்கேன். வீடு வர வரைக்கும் அந்தப் பேரச் சொல்லிக்கிட்டே நடந்தேன்."

நானே கேட்டேன், "அவங்களப் பெத்தவங்க பேரு?"

"தெரியல பிள்ள. நோட்டுல அது எழுத மாட்டாவ."

ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் கேட்கிற கேள்விக்கு அவரிடமே பதில் இல்லை. எனக்கு அன்று அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் எல்லோரும் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

இனி என் கல்யாணக் கதை. அதே கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்தவரை நானும், என்னை அவரும் விரும்பினோம். எங்கள் ஊர் நாகரசம்பட்டி. அவர்கள் வீடு ஓசூரில். வீட்டுக்குள் பேசுவது பாதித் தமிழ், பாதிக் கன்னடம். ஆனாலும் சாதி ஒன்றாகவே அமைந்துவிட்டதால் பெரிய ரகளை இல்லாமல் இரண்டு வீடும் இறங்கி வந்தது. ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள். பங்காளி வகையறா இல்லை, குலம் வேறு, குலதெய்வம் வேறு, முறை சரிதான் என்று தீர்த்துச் சொன்னார்கள். நிச்சயம் ஆயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று.

கம்பெனியில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அக்காவின் பரிசு ஒன்றுதான். பெண்ணின் அம்மா வழியையும் மாப்பிள்ளையின் அம்மா வழியையும் ஒரு பெரிய சார்ட்டில் ஸ்கேல் வைத்து வரைந்து, சட்டம் போட்டுக் கொடுப்பார். மண்டபத்தில் மிக்ஸி, குக்கரை எல்லாம் தள்ளிவிட்டு அதைத்தான் கூட்டமாக நின்று படிப்பார்கள். என்னுடையதற்கு அக்கா கூடுதலாக மெனக்கெட்டார். அம்மாவின் அம்மாவைப் பெற்ற முத்தக்கா கல்லாவியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்று நான் எப்போதோ விசாரித்துச் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா கல்லாவிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

 திங்கட்கிழமை டீ நேரத்தில் என்னைச் சிவப்புத் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார்.

"முத்தக்காளுக்கு ஒரு தங்கச்சி உண்டும். தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சின்னபாப்பான்னு பேரு. சந்தைக்குப் பின்னால புளியமரத்து வீடுன்னு கேட்டா இப்பவும் சொல்லுதாவ. மூத்தவள நாகரசம்பட்டிக்குக் கொடுத்தாவ. இளையவள ஆனேக்கல்லுக்கு அங்கிட்டு, கன்னட ஊருல கொடுத்தாவ. அதோட போக்குவரத்து இல்லையாம்."

"அதுக்கு இன்னாக்கா?"

"உம் மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் பாட்டி பேரு போன வாரம் நீதான வாங்கியாந்த."

நான்தான் மாப்பிள்ளையிடமே கேட்டு வாங்கி வந்தேன். சின்னபாப்பா, பிறந்த ஊர் கல்லாவி, புளியமரத்து வீடு. என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அக்கா தாளை விரித்துக் காட்டினார். முத்தக்காவும் சின்னபாப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்றால், அவர்களுடைய மகள்கள் அக்காள் தங்கை. அந்த மகள்களின் மகள்களும் அக்காள் தங்கை. என் அம்மாவும் மாமியாராக வரப்போகிறவரும்தான் அவர்கள். அப்படியென்றால் நாங்கள் இருவரும் அண்ணன் தங்கை முறை. ஊரில் அந்த முறையில் கட்டமாட்டார்கள். ஆண்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதெல்லாம் அப்பன் வழி. அம்மாவின் அம்மாவின் அம்மாவை ஒருவரும் தேடவில்லை. தேடுகிற ஒரே ஆள் உலகத்திலேயே என் பக்கத்து மேசையில் இருந்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "அப்ப இனிமே அண்ணான்னு கூப்புடு" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. பத்திரிகைய அவரே கிழிப்பாரு" என்றார். பேருக்குத்தானே முறை, மூன்று தலைமுறை தாண்டிவிட்டதே என்று எங்களுக்குள் பேசிப் பேசித் தேற்றிக்கொண்டோம். மறுநாள் அக்காவிடம் போனேன்.

"அத எழுதாதீங்கக்கா."

"தெரியலன்னு எழுதணுமா?"

"வெறுமனே உட்டுடுங்க."

"கேப்பாவளே பிள்ள. நான் கல்லாவி போனது கம்பெனிக்கே தெரியும்."

"கேட்டா தெரியலன்னு சொல்லுங்க. உங்க வாயால தெரியலன்னா யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. என் வாழ்க்கைக்கா இது."

நான் அழுதேன். அக்கா கேஜைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார் என்று தெரியாமலேயே நான் மணவறையில் போய் உட்கார்ந்தேன்.

கிருஷ்ணகிரி மண்டபத்தில் அக்கா சார்ட்டோடு மேடை ஏறினார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஆசையாக வாங்கி ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். இரண்டு பக்கமும் பாட்டிகளோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வெள்ளைத்தாள்.

"ஏம்மா, மேல காணோமே? மத்தவங்களுக்கெல்லாம் தேடிப் புடிப்பீங்களாமே?"

"தெரியல" என்றார் அக்கா. சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் விடுப்பு முடிந்து போனபோது அவருடைய தாள்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி லாக்கருக்குள் இருந்தன. அந்த மாதம் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். கேள்வி இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா அவளுக்குக் கேஜ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன்க்கா கேட்கவில்லை என்று கேட்டேன்.

"தெரிஞ்சத மறைச்சாச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவளக் கேக்க?"

என்மேல் கோபமில்லை என்று இரண்டு முறை சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ரிட்டயர் ஆகி ஊருக்கே போய்த் தம்பி மகன் வீட்டில் இருக்கிறார் இப்போது. பண்டிகைக்குப் போன் செய்வேன். மழை, முட்டிவலி, மீன் விலை பேசுவோம். யாருடைய அம்மாவைப் பற்றியும் அவர் கேட்டதே இல்லை. ஒரு மனுஷியின் உயிர்நாடியை நம் கல்யாணத்துக்கு மொய்யாக வாங்கிக்கொண்டோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நாகரசம்பட்டியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று ஆண்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். சமையலறையில் களி கிண்டுவதில் அம்மாவுக்கும் என் மாமியாரான அத்தைக்கும் வழக்கமான சண்டை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாவ இப்புடியா கொட்டுவாங்க சம்பந்தி? கட்டி தட்டுது பாருங்க" என்றார் அம்மா.

"பேடா, வேணாம், நீங்க கைய வைக்காதீங்க. உங்க முத்தக்கா அவ்வா கை அப்படித்தானே! அவங்க கிண்டுன களிய நாய் கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்னு எங்க பாட்டி சின்னபாப்பா அவ்வா சாகற வரைக்கும் சொல்லிச் சிரிச்சாங்க" என்றார் அத்தை.

என் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும்" என்றார் அம்மா, அடுப்பைத் தணித்துக்கொண்டே. "சமையக்கட்டுல தண்ணி குடிக்க வந்தாங்க. எந்த ஊரு, யாரு வகையறான்னு பேச்சுக் குடுத்தன். ரெண்டு நிமிசத்துல புளியமரத்து வீட்டுல வந்து நின்னுது."

"ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதோம்மா" என்றார் அத்தை. "அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு வெளிய வந்து சம்பந்தி சம்பந்தின்னோம். ஆம்பளைங்க காதுக்குப் போனா கூட்டம் போட்டு நிறுத்திடுவாங்க. பிரிஞ்ச அக்கா தங்கச்சி வீடு இப்படியாவது ஒண்ணு சேரட்டும்னு உட்டோம். உனக்குத் தெரிஞ்சா மனசு கொழப்பிக்குவன்னு சொல்லல."

அவர்கள் இருவரும் என்னிடமிருந்தும், நான் அவர்களிடமிருந்தும் ஒரே ரகசியத்தை ஒளித்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே அக்காவின் லாக்கரும் துணிப்பையும் ஞாபகத்துக்கு வந்தன. களியை அவர்களிடமே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்தது, அழுதது, முகம் கழுவியது வரைக்கும். "தெரிய வேண்டியவங்களுக்கு முன்னாடியே தெரியும்க்கா. நீங்க யாருகிட்டயும் எதையும் மறைக்கல. நான்தான் பயந்து உங்களப் பொய் சொல்ல வச்சுட்டன். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

 அந்தப் பக்கம் கடற்காற்று கேட்டது. 

"அப்ப உங்க அத்தைக்கு அந்த அவ்வா கூட இருந்த பழக்கம் உண்டும்" என்றார் அக்கா, மெதுவாக.

"ஆமாக்கா. அவங்கதான் வளத்தாங்களாம்."

"அங்கனதான் இருக்காவளா?"

"இங்கதான், அடுப்புகிட்ட."

ஏதோ நகருகிற சத்தம் கேட்டது. பெட்டியைத் திறக்கிற சத்தம். "டேய், அந்தப் பேனாவக் கொண்டா" என்று யாரிடமோ சொன்னார். பிறகு அவர் குரல் போனுக்கு வெகு பக்கத்தில் வந்தது.

"கேளு பிள்ள. முத்தக்காளையும் சின்னபாப்பாளையும் பெத்தவ பேரு என்ன?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். அத்தை யோசிக்கவே இல்லை, களி கிண்டிக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார். போனில் சொன்னேன். தாளில் பேனா போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"சரி" என்றார் அக்கா. "அவளைப் பெத்தவ?"